பங்குனிச் செலவு: வன்னியிலிருந்து பறவைகள் புறப்படும் காலம்

"உதுகள் இனிக் கனநாள் நிக்காது தம்பி. கொழுத்துப் போச்சுது, பாருங்கோ."

சொன்னவர் முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பில் இறாலுக்கு வலை வீசுகிற ஒரு ஐயா. சில வருடங்களுக்கு முந்திய மார்ச் கடைசி. வட்டுவாகல் பழைய பாலத்துக்குக் கிட்ட, சேறும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் சேற்றைக் கொத்தித் தின்கிற சின்னப் பறவைகள், நூற்றைம்பது உள்ளான்கள் வரை மேய்ந்துகொண்டிருந்தன. நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்து, அலகு வளைந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா வீச்சுவலையைத் தோளில் போட்டபடி வெறுங்கண்ணால் ஒருதரம் பார்த்தார், விஷயம் முடிந்தது. அவர் சின்னப் பெடியனாக இருந்த காலத்தில் கண்ணி வைத்துப் பிடிப்பவர்கள் தைப்பொங்கல் நேரம் உள்ளானைத் திரும்பியும் பார்க்க மாட்டார்களாம். பங்குனி பிறந்த பிறகுதான் அதில் "நெய் இறங்கும்" என்றார். (கண்ணி வைப்பது இன்றைக்குக் குற்றம். சட்டம் 1937இலேயே வந்துவிட்டது; அதை ஊருக்குள் யாரும் சொல்லத்தான் நாள் எடுத்தது.)

நெய் இறங்குவது என்று அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்தக் கூட்டத்தில் பெரும்பான்மை வளைமூக்கு உள்ளான். சாதாரண நாளில் ஐம்பது, அறுபது கிராம் நிறை இருக்கும். ஒரு கைப்பிடி அரிசி என்று வையுங்கள். புறப்பட முந்திய சில வாரங்களில் தோலுக்குக் கீழே கொழுப்புச் சேர்த்து, அதன் நிறை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். அந்தக் கொழுப்புத்தான் எரிபொருள். அது போய்ச் சேர வேண்டிய இடம் சைபீரியாவின் வடமுனை, ஆர்க்டிக் கடலோரத் தூந்திர நிலம். நந்திக்கடலில் இருந்து நேர்கோடு போட்டாலும் ஏழாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. அன்று பார்த்த பறவைகளில் கால்வாசிக்கு நெஞ்சில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. மீதி எல்லாம் இன்னும் மாரிகாலச் சாம்பல் நிறம். ஒன்றிரண்டு, பழைய சுவரில் புதுச் சுண்ணாம்பு அடிக்கும்போது இடையில் யாரோ வந்து கூப்பிட்டதுபோல, அரைகுறையாகத் திட்டுத்திட்டாக நின்றன.

தமிழில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். பாட்டில் மா துளிர்க்கும், குயில் கூவும், தென்றல் வீசும். குயில் கூவுவது என்னவோ உண்மைதான். காகம் கூடு கட்டுகிற பருவம் நெருங்குவதால் அது தொண்டையைத் தீட்டிக்கொண்டு திரிகிறது. சிங்கள ஊர்களில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கட்டியம் கூறுவதும் அதே குயில்தான். மற்றபடி வன்னியில் இந்தக் காலத்துக்கு வசந்தம் என்று பெயர் வைக்க நெஞ்சழுத்தம் வேண்டும். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் மாங்குளம், கிளிநொச்சிப் பக்கத்துக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். நண்பகலில் வேலிக்கதியாலுக்குக் கூட நிழல் விழாது. காலபோக வெள்ளாமை வெட்டி, சூடடித்து, நெல்லும் போய்விட்டது. குளங்கள் இறங்குகின்றன. வாடை ஓய்ந்தாயிற்று, சோழகம் இன்னும் எழும்பவில்லை. காற்றே இல்லாத அந்த இடைவெளியில்தான் பறவைகள் கிளம்புகின்றன.

இங்கிலாந்திலோ கனடாவிலோ இதே மாதங்களில் பறவை பார்ப்பவர்கள் வரவு எழுதுவார்கள். முதல் தகைவிலான் எந்த நாளில் வந்தது, முதல் குயில் எங்கே கேட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். புலம்பெயர்ந்து அங்கே இருக்கிற நம் ஆட்கள் சிலரும் இப்போது அதில் சேர்ந்துவிட்டார்கள். ஏப்ரலில் ஒரு படம் போட்டு "வந்திட்டுது" என்று எழுதுகிறார்கள். எங்களுக்கு அதே மாதம் செலவுக் கணக்கு. பழந்தமிழில் செலவு என்றாலே போதல்தானே. அவர்கள் வரவில் எழுதுகிற தகைவிலான் வேறு வழியால் போன வேறு பறவைதான், என்றாலும் கணக்கு ஒன்றே: எங்கோ ஒரு புத்தகத்தில் செலவு எழுதினால்தான் இன்னொன்றில் வரவு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வன்னியில் பறவை பார்க்கிறவர்கள் பேசிக்கொள்வது அநேகமாக இதைச் சுற்றித்தான்.

வந்த நாளை எழுதுவது லேசு. செப்டெம்பர் கடைசியில் ஒரு காலை, மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக இருக்கின்றன, நேற்று இல்லை. எழுதிவிடலாம். ஒக்டோபரில் ஆறுமணிக்குருவி வரும்போது அது இன்னும் லேசு. இரவெல்லாம் பறந்து களைத்து, விடிய முன் யாராவது வீட்டு விறாந்தையில் விழுந்து கிடக்கும். பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டி. ஒருதரம் பார்த்தவர் மறக்கமாட்டார். பிள்ளைகள் படம் எடுத்து அனுப்புவார்கள், "இது என்ன குருவி சேர்?" என்று கேட்டு. அத்தோடு வந்த திகதி பதிவாகிவிடும்.

போன நாள் அப்படி வராது. ஒரு பறவையைக் கடைசியாகக் காணும்போது அது கடைசி என்று உங்களுக்குத் தெரியாது. ஏப்ரல் 9 காலையும் மாலையும் பனங்கூடலுக்குள் ஆறுமணிக்குருவியின் இரட்டைச் சீழ்க்கை கேட்கிறது. 10 கேட்கிறது. 11 நீங்கள் வவுனியாவுக்குப் போய்விட்டீர்கள். 12 கேட்கவில்லை, சரி, நான்தான் பிந்தி எழும்பினேன் என்று நினைக்கிறீர்கள். 15 அளவில்தான் உறைக்கிறது. அது இந்தியாவின் நடுப்பகுதிக்கோ இமயத்து அடிவாரத்துக்கோ போய்க்கொண்டிருக்கும். இரவில் போவதால் போனதை யாரும் காண்பதும் இல்லை. கடைசி நாளை எழுத வேண்டுமானால் அதற்குப் பிறகும் நாலைந்து தரம் போய், நின்று, காது கொடுத்து, "இல்லை" என்று எழுத வேண்டும்.

இந்த "இல்லை"யை எழுதப் பழகுவதுதான் பெரிய பாடு. பூநாரை நாநூறு நின்றது என்று தொலைபேசியில் சொல்ல எல்லோருக்கும் ஆசை. வெறும் சேற்றைப் பார்த்துவிட்டு வந்த காலையை யார் சொல்வார்? நான் பழகுகிற ஆட்களுக்குள்ளே ஒரு வழக்கம் இருக்கிறது. யார் எங்கே போனாலும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, கண்டதெல்லாம் எத்தனை, போன முறை கண்டு இந்த முறை காணாதது எது. மூன்றாவதை விடுகிறவருக்கு நல்ல பேச்சு விழும். 2002இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடமும் ஓடுபன் சங்கமும் தொடங்கிய ஈபேர்ட் என்ற பதிவேடும் இதையேதான் கேட்கிறது: கண்ட, கேட்ட எல்லாவற்றையும் எழுதினீர்களா? ஆம் என்றால்தான் எழுதாமல் விட்டதற்கு "அங்கே காணவில்லை" என்று பொருள் கொள்ள முடியும். நல்ல படம் கிடைத்த ஒரே ஒரு பறவையை மட்டும் போட்டுவிட்டு வருகிறவர்களால் செலவுக் கணக்குக்கு ஒரு உதவியும் இல்லை. படம் அழகாகத்தான் இருக்கும்.

சரி, யார் முதலில் போகிறார்கள்?

தாராக்கள். ஊசிவால் தாரா, நாமத்தாரா, நீலச்சிறகி எல்லாம் குளிர்காலம் முழுக்க கட்டுக்கரைக் குளத்திலும் வங்காலைப் பக்கத்துக் களப்புகளிலும் ஆயிரக்கணக்கில் மிதக்கும். மன்னார்த் தாம்போதியில் பஸ்ஸில் போகிறவருக்கே ஜன்னலால் தெரியும். பெப்ரவரி கடைசியில் அந்தக் கூட்டம் மெலியத் தொடங்கும். ஏப்ரல் பிறக்கும்போது நீலச்சிறகி கொஞ்சம் மிஞ்சினால் உண்டு. அவை முட்டையிடுகிற கசகஸ்தான், தென்சைபீரிய ஏரிகளில் ஏப்ரலில் பனிக்கட்டி உடைகிறது. இங்கே தண்ணீர் குறைகிற நேரமும் அங்கே தண்ணீர் திறக்கிற நேரமும் பொருந்தி வருகின்றன. உள்ளான்களுக்கு அந்த அவசரம் இல்லை. ஆர்க்டிக்கில் பனி விலக ஜூன் ஆகும். முந்திப் போனால் பட்டினிதான். அதனால் அவை ஏப்ரல் முழுக்க இங்கே நின்று தின்று, மே தொடங்கும்வரை கூட இழுத்தடிக்கும். இடைப்பட்ட தூரத்துக்காரர்களும் உண்டு. திபெத்து மேட்டுநிலத்து ஏரிகளுக்குப் போகிற பழுப்புத்தலைக் கடற்காகத்தை மார்ச்சில் பாருங்கள்: குளிர்காலம் முழுக்கக் காதடியில் ஒரு கறுப்புப் பொட்டோடு திரிந்தது, இப்போது தலை முழுக்கக் கோப்பித்தூள் நிறத் தொப்பி போட்டிருக்கும். முல்லைத்தீவுக் கரைவலையடியில் நெத்தலிக்கு அடிபடுகிற கூட்டத்திலேயே இந்த மாற்றத்தை வாராவாரம் பார்க்கலாம். பைனாகுலரே வேண்டாம்.

சூறைக்குருவி தனிக்கதை. சில வருடம் வராது, சில வருடம் மேகம்போல வரும். ஆலம்பழமும் பூவும் இருக்கிற இடத்தில் இரைச்சல் தாங்காது. மார்ச் கடைசியில் ஆண்குருவியின் முதுகு அசல் ரோஜா நிறத்துக்கு வரும். வந்த சூட்டோடு கூட்டமாகக் காணாமல் போய்விடும். மத்திய ஆசியப் புல்வெளியில் வெட்டுக்கிளி பெருகுகிற காலத்துக்கு அங்கே நிற்க வேண்டும் அதற்கு.

உள்ளான்களுக்கு வருவோம். அவை ஏன் நந்திக்கடலிலும் சுண்டிக்குளத்திலும் கொக்கிளாயிலும் நிற்கின்றன என்பதற்கு விடை தண்ணீரின் உயரத்தில் இருக்கிறது. வளைமூக்கு உள்ளான் நிற்கக்கூடிய ஆழம் இரண்டு விரல்தான். மாரியில் களப்பு நிரம்பி, கடல்வாய் வெட்டுப்பட்டு ஓடும்போது அதற்கு நிற்க இடமே இல்லை. வயல் வரம்புகளிலும் சின்னக் குளக்கரைகளிலும் ஒதுங்கும். தை கழிய மழை நிற்கும், கடல்வாய் மணலால் அடைபடும், வெயில் ஏறும். களப்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சுருங்க, ஓரத்தில் புதுச்சேறு திறந்துகொண்டே போகும். அந்தச் சேற்றுக்குள்ளே புழுவும் சிறு நத்தையும் பூச்சிக் குடம்பியும் நெருக்கமாக இருக்கும். பறவைக்குக் கொழுப்பு ஏற வேண்டிய மாதத்தில் சாப்பாட்டு மேசை அகலமாகிறது என்று சொல்லலாம். சுண்டிக்குளத்தில் இதற்கு இன்னொரு கயிறும் உண்டு. கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பி, வான்கதவு திறந்தால் மிச்சம் சுண்டிக்குளத்துக்குத்தான் போகிறது. இரணைமடுவில் எத்தனை கதவு எத்தனை நாள் திறந்தார்கள் என்பது, மூன்று மாதம் கழித்துச் சுண்டிக்குளத்தில் எவ்வளவு சேறு, எவ்வளவு உப்பு என்பதைக் கொஞ்சம் தீர்மானிக்கிறது. வயல்காரருக்கும் உள்ளானுக்கும் ஒரே வாய்க்கால் கணக்கு. எனக்குத் தெரிந்த பறவை பார்க்கிற தம்பி ஒருவர் கமக்காரர் கூட்டத்துக்கும் தவறாமல் போவார். அங்கே சிறுபோகத்துக்கு எவ்வளவு காணி என்று தீர்மானிப்பதைக் கேட்டுவிட்டு வந்து, ஏப்ரலில் எந்தக் குளக்கரையை முதலில் பார்க்கலாம் என்று எங்களுக்குச் சொல்வார்.

கட்டுக்கரை வேறு மாதிரி. அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்து, கால்வாயால் கொண்டுவந்து நிரப்புகிற நன்னீர்க் குளம் அது. வற்றும்போது உள்ளானைவிடக் கொக்கும் நாரையும் கூழைக்கடாவும்தான் அங்கே திரளும். குறுகிய தண்ணீருக்குள் மீன் ஒதுங்குவதால். இவை இந்த நாட்டிலேயே நிற்கிற பறவைகள், அவற்றின் கதையை இன்னொருநாள் வைத்துக்கொள்வோம்.

பாதுகாப்பு என்று பார்த்தால் காகிதத்தில் குறைவில்லை. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. கொக்கிளாய் 1951. வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் 4,839 ஹெக்டேயரோடு ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியது. இந்த எல்லைக்கோடுகளால் கரையோரச் சனத்துக்கு வந்த வில்லங்கம் தனிப் பெரிய கட்டுரை. வாடி போட்ட இடமும் மாடு மேய்த்த தரவையும் ஒரு காலை எழும்பும்போது சரணாலயம் என்றால் யாருக்குத்தான் பறவைமேல் பாசம் வரும். பறவை பார்க்கிறவர்கள் இதை மறந்து பேசக்கூடாது என்பது என் எண்ணம்.

மே மாதம் வரைக்கும் எழுதுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற உதாரணம் ஒரு சின்னப் பறவை. மன்னார்க் கரையில் உப்புத்தரையில் ஓடி ஓடி நின்று கொத்துகிற உப்புக்கொத்தி. கைக்குள் அடங்கும், மணல் நிறம், கழுத்தோரம் இரண்டு பக்கமும் கறுப்புத் திட்டு. நெடுங்காலமாக அதைக் கெண்டிஷ் உப்புக்கொத்தி என்ற பரவலான பறவையின் ஒரு கிளையாகத்தான் எழுதி வந்தார்கள். 2023இல் இலங்கை ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, மரபணுவையும் உடல் அளவையும் ஒப்பிட்டு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் முட்டையிடுகிற இது தனி இனம் என்று காட்டினார்கள். பெயர் அனுமன் உப்புக்கொத்தி. இராமர் அணைப் பக்கத்துப் பறவை என்பதால் அந்தப் பெயர். கெண்டிஷைவிடக் கொஞ்சம் சின்னன், கால் கருஞ்சாம்பல்; கெண்டிஷுக்குத்தான் கறுப்பு. வாசிக்க லேசாக இருக்கிறது. கானல் நெளிகிற உப்புத்தரையில் நூறு மீட்டருக்கு அப்பால் ஓடுகிற சாமானின் கால் நிறத்தை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம்!

இங்கேதான் நாட்காட்டி உதவிக்கு வருகிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்த கெண்டிஷும் இந்த மண்ணின் அனுமனும் ஒரே தரையில் கலந்து மேய்கின்றன. வந்தவை ஏப்ரலில் போய்விடும். அதற்குப் பிறகு நிற்பது, அதிலும் சோடியாக நின்று, நீங்கள் கிட்டப் போனால் ஒரு செட்டை முறிந்ததுபோல நடித்து இழுத்துக்கொண்டு ஓடினால், அது அனுமன். கால் நிறத்தைப் பார்க்கவே தேவையில்லை. (அப்படி நடித்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். இரண்டு மூன்று முட்டை, வெறும் தரையில், சிப்பித்துண்டும் மணலும் போன்ற நிறத்தில், உங்கள் செருப்புக்குப் பக்கத்தில் இருக்கும். வந்த வழியே திரும்புங்கள். இடத்தை யாருக்கும் சொல்லவேண்டாம். நாங்களும் கூடு கண்ட செய்தியில் ஊர்ப்பெயர் மட்டும்தான் போடுவோம்.) அதே மாதங்களில் வற்றிய குளத்தடியில் ஆட்காட்டி முட்டையிடும், களப்போரத்தில் நெடுங்கால் உள்ளான் சேற்றை மேடாக்கிக் கூடு வைக்கும். தலைமன்னாருக்கு அப்பால், இராமர் அணை மணல்தீவுகளில் ஆலாக்கள் கூட்டம் கூட்டமாக முட்டையிடத் தயாராகும். நண்டு தின்னி என்கிற கறுப்பு வெள்ளைப் பறவை அங்கேயே மணலில் வளை தோண்டி, உள்ளே ஒற்றை வெள்ளை முட்டை வைக்கும்.

பெயர்ச் சண்டை பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் வந்த பறவை நூல்களில் ஒவ்வொன்றுக்கும் அழகான பெயர் இருக்கிறது: கொசு உள்ளான், பொரி உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி. எங்கள் கரையில் சேற்றில் ஓடுகிற சின்னது எல்லாமே உள்ளான், கொஞ்சம் பெரியது கோட்டான், அதற்கு மேலே கொக்கு. வாத்து என்று சொன்னால் சிரிப்பார்கள், இங்கே அது தாரா. தவிட்டுக்குருவி இங்கே புலுனி. முதலில் நான் நூற்பெயரைத்தான் பிடிவாதமாகச் சொல்லிவந்தேன். மீன்பிடிக்கிற ஆட்கள் தலையாட்டுவார்கள், செய்தி ஒன்றும் வராது. பிறகு ஐயாவிடம் "சிவக்கிற உள்ளான்" என்று கேட்கத் தொடங்கினேன். "அது இண்டைக்கும் நிண்டது, ஆனா வெள்ளைதான் கூட" என்று விடை வந்தது. அந்த ஒரு வரியில் எண்ணிக்கையும் நிறமாற்றமும் இருக்கிறது. அவர் சொன்னதை நான் பதிவேட்டில் நூற்பெயரோடு போடுவேன். அவர் பெயரும் இடம்பெறாது, அவருக்கு அது தேவையும் இல்லை.

பழைய கணக்கோடு ஒப்பிடலாமே என்றால், ஒப்பிடப் பழைய கணக்கே இல்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும், இலங்கையில் அதை முன்னின்று நடத்துவது சிலோன் பேர்ட் கிளப் என்ற பறவைச் சங்கம். 1987இல் வன்னி எப்படி இருந்தது என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. 2009 வரை சுண்டிக்குளத்திலோ நந்திக்கடலிலோ நின்று ஆறுதலாகப் பறவை எண்ண யாரால் முடிந்தது? அந்தக் காலத்தில் பைனாகுலர் வைத்திருந்தாலே கேள்வி வரும். சண்டை முடிந்து பல வருடம் கழிந்த பிறகும் எனக்கு வந்தது. களப்போரத்தில் ஒரு காவலில் மறித்து, கண்ணாடியை வாங்கி, குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார்கள். "மூக்கன் 40, ஆலா 12, கிழக்கே 6.40" என்று எழுதியிருந்தது. அதைப் பறவைக் கணக்கு என்று நம்பவைக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது. கடைசியில் அந்தப் பெடியனே கண்ணாடியால் ஒரு பூநாரையைப் பார்த்துவிட்டு, தன் ஊர்க் குளத்தில் இது வராது என்று சொன்னான். அன்றுமுதல் எண்ணுக்கு முன்னால் பறவைப் பெயரை முழுதாக எழுதுகிறேன்.

ஆக, வன்னிக்கென்று இருக்கிற எண்ணெல்லாம் கிட்டத்தட்டக் கடந்த பதினைந்து வருடத்தது, அதிலும் பெரும்பகுதி ஜனவரி மாதத்தது. ஜனவரியில் எண்ணுவது சரியானதுதான்; எல்லாப் பறவையும் வந்து அமர்ந்து ஒரு இடத்தில் நிற்கிற மாதம். ஆனால் மன்னாரில் இப்போது கேட்கப்படுகிற கேள்வி, நிற்கிற பறவையைவிடப் பறக்கிற பறவையைப் பற்றியது. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் தம்பபவனி மின்நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு அதானி நிறுவனத்தின் பெரிய திட்டம் வந்தது, 2024இல் உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் விழுந்தன, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே வருடம் ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார்ச் சனம் வீதியில் இறங்கியது. சனத்தின் கோபத்துக்குப் பறவை மட்டும் காரணமில்லை. வெள்ளம் வடியாதது, மீன்பிடி, காணி என்று நிறைய. ஆனாலும் பறவை பற்றிய வாதம் வரும்போதெல்லாம் இரண்டு பக்கமும் தூக்கிக் காட்டுவது குளிர்காலத் தொகையைத்தான். கூட்டம் கிளம்புவது மார்ச், ஏப்ரலில், அதுவும் அந்தி கருகிய பிறகு. எந்த உயரத்தில், எந்தப் பக்கமாக, எந்தக் காற்றில்? அதற்கு விடை வேண்டுமானால் அந்த மாதங்களில் அந்த நேரத்தில் ஆள் நிற்க வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்து ஜிபிஎஸ் கருவி பொருத்திய கடற்காகங்கள், இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து ரஷ்யாவின் வடதுருவக் கரைவரை போய்த் திரும்பியதைக் காட்டின. கருவி ஒரு சில பறவைக்குத்தான் போடலாம். மற்றக் கூட்டம் எப்போது எழும்பியது என்பதற்குக் கரையில் நிற்கிறவரின் குறிப்புத்தான் சாட்சி.

அந்த எழும்புதலை நான் நல்லாகப் பார்த்தது ஒரே ஒருதரம். ஏப்ரல் மூன்றாம் வாரம், பொழுது பட்டு இருபது நிமிடம் இருக்கும். சேற்றில் நின்ற கூட்டம் மேய்வதை நிறுத்திவிட்டது. பிறகு ஒரு நாற்பது எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப இறங்கியது. கத்தல் கூடியது. இன்னொருதரம் எழும்பியது. மூன்றாம்தரம் எழும்பும்போது சத்தத்தின் தன்மையே மாறியிருந்தது, ஏதோ பஸ் வெளிக்கிடும்போது உறவுக்காரர் கத்துவதுபோல. அவை சுற்றவில்லை. நேரே வடமேற்காக, ஏறிக்கொண்டே போய், கொஞ்ச நேரம் கரும்புள்ளியாகத் தெரிந்து, பிறகு இல்லை. கீழே முப்பது வரை மிஞ்சி நின்று, ஒன்றும் நடக்காததுபோல மேயத் தொடங்கின.

மிஞ்சுகிறவைதான் புதிதாகப் பழகுபவரைக் குழப்பும். போன வருடம்தான் பிறந்த குஞ்சுகளில் பல முதல் வருடம் வடக்கே போவதில்லை. அவை நிறமும் மாறாது, சாம்பலாகவே கோடை முழுக்க இங்கே கழிக்கும். வைகாசி வற்றாப்பளைப் பொங்கலுக்கு வண்டி வண்டியாகச் சனம் போகும்போது, நந்திக்கடலோரத்தில் பத்துப் பன்னிரண்டு உள்ளான் நிற்பதைக் கண்டு "இன்னும் போகவில்லையே" என்று எழுதக்கூடாது. போக வேண்டியது போய்விட்டது, இவை போகாதவை. அதனால் குறிப்பில் எண்ணோடு நிறத்தையும் எழுதச் சொல்கிறோம்: சிவப்பு எத்தனை, சாம்பல் எத்தனை. சிவப்பு பூச்சியத்துக்கு வந்த நாள்தான் செலவுக் கணக்கின் கடைசி வரி.

நான் இதிலும் ஒருதரம் சறுக்கியிருக்கிறேன். ஓகஸ்ட் முதல் வாரம் கொக்கிளாய்ப் பக்கம், நெஞ்சில் திட்டுத்திட்டாகச் சிவப்போடு ஏழெட்டு வளைமூக்கு உள்ளான். புறப்படப் பிந்திய கூட்டம் என்று எழுதி, நாலு பேருக்குச் சொல்லியும்விட்டேன். அவை போய்த் திரும்பியவை. முட்டையிட்டதும் ஆண்பறவைகள் வேலை முடிந்ததென்று முதல் ஆளாகக் கிளம்பி ஜூலைக் கடைசியிலேயே இந்தப் பக்கம் வந்துவிடும், கல்யாண உடுப்பு உரிய முந்தியே. அந்த வாரமே ஐயா தொலைபேசி எடுத்தார்.

"வந்திட்டுதுகள் தம்பி. எலும்பும் தோலுமாய்."